புது ரூட்டர் வாங்கும் முன் வீட்டை அளந்தேன்

பின்பக்க அறையில் வீடியோ கால் விட்டுவிட்டு வரும். மாடியில் வைஃபை இருப்பதாக ஃபோன் காட்டும், ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது. ஹாலில்கூடச் சில நேரம் பேச்சு வெட்டுப்படும். வீட்டில் எல்லோரும் சொன்ன தீர்வு ஒன்றுதான்: ரூட்டர் பழசாகிவிட்டது, பெரிசாக ஒன்று வாங்கு. வாங்கத்தான் வேண்டும். ஆனால் எதைச் சரிசெய்ய வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கினால், எந்தப் பெட்டி வந்தாலும் அதே புகார் மறுபடி வரும். அதனால் முதலில் அளப்பது, அப்புறம் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

இருந்த நிலைமை இது: தரைத்தளமும் மாடியும் உள்ள வீடு, செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். ஃபைபர் இணைப்பில் டவுன்லோடு 200 எம்பிபிஎஸ், அப்லோடு 50. ஃபைபர் வந்து முடிகிற பெட்டி ஹாலின் முன் மூலையில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், டிவி அலமாரிக்குள் ரூட்டர். ஏசி1200 வகை, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டும் (அலைவரிசையும்) உண்டு.

முதல் அளவை வைஃபையில் எடுக்கவில்லை, வயரில் எடுத்தேன். காற்றைச் சந்தேகிப்பதற்கு முன் வயர் வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் நேராக ஃபைபர் பெட்டியில் சொருகினேன். 200-ஐ ஒட்டி வந்தது. அதே கேபிளை ரூட்டரில் சொருகினேன். 94. எப்போது பார்த்தாலும் 94, அதற்கு மேல் ஏறவே இல்லை.

இந்த 94 பலருக்குப் பழக்கமான எண். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் போர்ட்டில், ஒவ்வொரு பாக்கெட்டோடும் (தகவல் துண்டோடும்) போகிற கூடுதல் தகவலைக் கழித்தால் கையில் மிஞ்சுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஸ்பீடு டெஸ்ட்டில் 90-க்கும் 95-க்கும் நடுவில் ஒரு எண் அசையாமல் நின்றால், வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட்டோ பழுதான கேபிளோ இருக்கிறது என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம். எங்கள் ரூட்டரின் பின்னால் இருந்த போர்ட்டுகள் எல்லாமே 100 தான். அட்டைப்பெட்டியில் இருந்த 1200 என்ற எண், 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டையும் கூட்டி, கொஞ்சம் மேலே தள்ளி எழுதியது. அந்த எண்ணைப் பார்த்து வாங்குகிறவருக்கு, 200 எம்பிபிஎஸ் இணைப்பில் பாதிக்கு மேல் இந்தப் பெட்டியைத் தாண்டி வராது என்று தெரிய வழியே இல்லை. இன்றும் புது ரூட்டர்களில் 100 எம்பிபிஎஸ் போர்ட்டோடு வருபவை உண்டு. அதனால் என் பட்டியலின் முதல் வரி அப்போதே எழுதியாகிவிட்டது: வேன் (இணையம் உள்ளே வருவது), லேன் (வீட்டுச் சாதனங்களுக்கானது) எல்லாப் போர்ட்டும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்.

அடுத்தது சிக்னல். ஃபோனில் தெரியும் கோடுகளை நம்ப முடியாது, ஒவ்வொரு ஃபோனும் ஒரு கணக்கில் வரையும். வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு டிபிஎம் என்ற சிக்னல் சக்தி அளவைப் பார்த்தேன். இந்த எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 3 குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே -60-க்கும் -70-க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குச் சின்னது, உண்மையில் பத்து மடங்கு. வீடியோ கால் தடையில்லாமல் போக -67 அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும் என்பது இந்த வேலை செய்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கோடு. நானும் அதையே வைத்துக்கொண்டேன். அறைக்கதவுகளை வழக்கமாக எப்படி மூடி வைப்போமோ அப்படியே மூடிவிட்டு, ஃபோனை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஹாலில் -44. சமையலறையில் -63. பின்பக்க அறையில் -76. மாடியில் -83, அதுவும் வந்து வந்து போனது.

பின்பக்க அறைக்கும் ரூட்டருக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கிறது. ஆனால் அந்த அளவுக்குக் குறைய அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. ரூட்டருக்கு நேர் முன்னால் டிவியின் உலோக முதுகு, வழியில் ஒரு இரும்பு பீரோ. ரூட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, அலமாரியின் மேல் வைத்தேன். -76 என்பது -70 ஆனது. செலவே இல்லாமல் நான்கு மடங்கு சக்தி கிடைத்தது. ரூட்டரைக் கண்ணில் படாமல் மறைத்து வைக்க வேண்டும் என்று நினைப்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பேன், அதை வெளியே எடுத்து வையுங்கள்.

மாடி வேறு விஷயம். கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் கம்பி வலையும் சேர்ந்து 5 கிகாஹெர்ட்ஸைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகின்றன. இதை எந்தப் பெரிய ரூட்டரும் சரிசெய்யாது. ரூட்டர் எவ்வளவு சக்தியில் அனுப்பலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்ட வரம்பு உண்டு, எல்லா நிறுவனமும் அதற்குள்தான் செய்கிறது. அதோடு, ஃபோன் திருப்பி அனுப்பும் சக்தி ரூட்டரைவிடக் குறைவு. ரூட்டர் கத்திச் சொன்னாலும், ஃபோன் முனகுகிற பதில் அதன் காதுக்குக் கேட்க வேண்டுமே. மாடியில் கோடு தெரிந்தும் பக்கம் திறக்காததற்கு இதுதான் காரணம்.

இதோடு அளப்பதை நிறுத்தியிருந்தால் ஹாலில் பேச்சு வெட்டுப்படுவதற்கான காரணம் கிடைத்திருக்காது. அங்கே சிக்னல் -44, அதைவிட நல்ல சிக்னல் எதற்கு? லேப்டாப்பில் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் ரூட்டரையும் இன்னொன்றில் வெளியே ஒரு முகவரியையும் தொடர்ந்து பிங் செய்தேன், அதாவது ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். சாதாரணமாக ரூட்டருக்கு 2, 3 மில்லிசெகண்டு, வெளியே 12. அப்புறம் ஃபோனில் படங்கள், வீடியோக்களை கிளவுடுக்கு ஏற்ற விட்டேன். ரூட்டர் பிங் அப்படியே இருந்தது. வெளியே போகிற பிங் 12-லிருந்து 300-க்கு மேல் ஏறியது. படம் ஏறி முடிந்ததும் இறங்கியது.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். அப்லோடு பாதை நிரம்பும்போது, அனுப்ப முடியாத பாக்கெட்டுகளை ஃபைபர் பெட்டி தன் நினைவகத்தில் நீண்ட வரிசையாக அடுக்குகிறது. வீடியோ காலின் சின்ன பாக்கெட்டும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. ஸ்பீடு டெஸ்ட் எடுத்தால் எண் நன்றாகவே வரும், ஏனென்றால் அது எவ்வளவு போகிறது என்பதைத்தான் பார்க்கிறது, எவ்வளவு தாமதமாகப் போகிறது என்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. "ஸ்பீடு இருக்கிறது, ஆனாலும் கால் வெட்டுகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். வீட்டில் யாருடைய ஃபோனோ பின்னணியில் படங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்.

இதற்கான மருந்து ரூட்டரில்தான் இருக்கிறது. எஸ்கியூஎம் என்ற வசதி, அதற்குள் எஃப்கியூ-கோடல் அல்லது கேக் என்ற வரிசை ஒழுங்கு முறை. அப்லோடு வரம்பை உண்மையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டால், வரிசை ஃபைபர் பெட்டியில் சேராமல் ரூட்டரிலேயே நிற்கும். ரூட்டர் ஒவ்வொரு தொடர்புக்கும் முறை கொடுத்து அனுப்பும். ஒன்று கவனிக்க வேண்டும்: இந்த வேலையை ரூட்டரின் ப்ராசஸர்தான் செய்கிறது. மலிவான பெட்டிகள் ப்ராசஸரைத் தொடாமல் கடத்திவிடும் ஹார்டுவேர் குறுக்குவழி மூலம்தான் கிகாபிட் வேகம் காட்டுகின்றன. எஸ்கியூஎம் போட்டால் அந்தக் குறுக்குவழி அணைந்துவிடும். ஆகவே ப்ராசஸர் 200 எம்பிபிஎஸை இந்த வேலையோடு தாங்க வேண்டும் என்பது பட்டியலில் இரண்டாவது வரி. சில நிறுவனங்கள் க்யூஓஎஸ் என்ற பெயரில் வெறும் முன்னுரிமைப் பட்டியல் மட்டும் தருகின்றன. அதுவும் இதுவும் ஒன்றல்ல.

இனி தேர்வு. வைஃபைத் தலைமுறைகளுக்கு 4, 5, 6 என்று எளிய எண் வைக்கும் வழக்கம் 2018-இல் வந்தது. தொழில்நுட்பப் பெயரில் 4 என்பது 2009-இல் வந்த 802.11என், 5 என்பது ஏசி, 6 என்பது ஏஎக்ஸ், 7 என்பது பிஇ. 6ஈ என்றால் வைஃபை 6-ஓடு 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டும் சேர்ந்தது. நான் கடை அலமாரியைப் பார்ப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் சாதனங்களைப் பார்த்தேன். இரண்டு ஃபோனும் ஒரு லேப்டாப்பும் வைஃபை 6. மற்ற ஃபோன்கள், டிவி எல்லாம் 5. பிரின்டரும் ஸ்மார்ட் பல்புகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். 6 கிகாஹெர்ட்ஸ் எதிலும் இல்லை.

அதனால் 6ஈ, 7 இரண்டையும் ஒதுக்கினேன். வைஃபை 7 நல்ல தொழில்நுட்பம்தான், ஒரே நேரத்தில் இரண்டு பேண்டில் பேசுகிற எம்எல்ஓ வசதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது எதிர்முனையிலும் இருந்தால்தான் வேலை செய்யும். 6 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடப்பதில் 5-ஐவிட இன்னும் பலவீனம், என் பிரச்சினையே சுவர்தான். வைஃபை 5-ஐயே மறுபடி வாங்கலாமா என்றும் யோசித்தேன். வேகக் கணக்கில் பார்த்தால் போதும். ஆனால் 6-இல் ஒரு சேனலை (பேண்டுக்குள் ரூட்டர் பேசும் ஒரு பகுதியை) துண்டு போட்டுப் பல சாதனங்களுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கும் ஓஎஃப்டிஎம்ஏ இருக்கிறது, வரப்போகும் சாதனங்கள் எல்லாம் அதைப் புரிந்துகொள்ளும். சில வருடங்களுக்கு வாங்கும்போது 6 தான் சரி என்று பட்டது.

அடுத்து ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்1800, ஏஎக்ஸ்3000, ஏஎக்ஸ்5400 என்ற எண்கள். ஏஎக்ஸ்3000-ஐப் பிரித்தால் 2.4-இல் 574, 5-இல் 2402. அந்த 2402 வர இரண்டு ஆன்டெனாப் பாதையும் 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலமும் இரண்டு முனையிலும் வேண்டும். 80 மெகாஹெர்ட்ஸ் மட்டும் பேசும் ஃபோன் 1201-இல்தான் இணையும், அதிலும் கையில் கிடைப்பது பாதியை ஒட்டித்தான். எங்கள் இணைப்பு 200, ஆக அதுவே தாராளம். எட்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகளும் இருந்தன. ஃபோனில் பெரும்பாலும் இரண்டு ஆன்டெனாதான். எதிரில் நான்கு இருந்தால் தூரத்தில் கொஞ்சம் உதவும், வேகம் இரட்டிப்பாகாது. அவற்றையும் விட்டேன்.

பெட்டியில் எழுதியிராத ஒன்றுக்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன், ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட். ஒவ்வொரு மாடலுக்கும் நிறுவனத்தின் டவுன்லோடு பக்கத்தைத் திறந்து கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பார்த்தேன். சில மாடல்கள் விற்பனைக்கு வந்த புதிதில் ஒரு அப்டேட், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வீட்டையும் இணையத்தையும் பிரிக்கும் ஒரே கதவு ரூட்டர்தான், அதில் ஓட்டை இருந்தால் அடைக்க ஆள் வேண்டும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாத ரூட்டர்களையும் கேமராக்களையும் கூட்டமாகப் பிடித்துப் பெரிய தளங்களையே முடக்கியது. அதனால் இதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நிறுவனத்தின் ஃபர்ம்வேருக்குப் பதிலாகப் போடக்கூடிய திறந்த மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடுமா என்றும் பார்த்தேன். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் மூலநிரல் வெளியானதைப் பிடித்துக்கொண்டு 2004-இல் தொடங்கிய திட்டம் அது. நிறுவனம் கைவிட்ட பெட்டிக்கும் அதில் ஆயுள் கிடைக்கிறது, எஸ்கியூஎம் வசதியும் உண்டு. ஆதரவுப் பட்டியலைப் பார்க்கும்போது மாடல் பெயர் மட்டும் போதாது. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஹார்டுவேர் வெர்ஷன் இருக்கும். ஒரே பெயரில் வெர்ஷன் 1-க்கும் 2-க்கும் உள்ளே இருக்கும் சிப்பே மாறிவிடுவது உண்டு. 8 எம்பி ஃப்ளாஷும் 64 எம்பி ரேமும் உள்ள பெட்டிகள் அதில் திணறும், அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கடைசியில் எடுத்தது ஒரு ஏஎக்ஸ்3000. எல்லாப் போர்ட்டும் கிகாபிட், டபிள்யூபிஏ3 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறை உண்டு, ஓப்பன்டபிள்யூஆர்டி பட்டியலில் அதே வெர்ஷன் இருந்தது.

மாடிக்கு மூன்று பெட்டி மெஷ், அதாவது தங்களுக்குள் காற்றிலேயே பேசி வீடு முழுக்க வைஃபை பரப்பும் பெட்டிகள், வாங்கலாம் என்று யோசனை வந்தது. இரண்டு பேண்ட் மட்டும் உள்ள மெஷ்ஷில், ஃபோனோடு பேசுவதும் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதும் ஒரே அலைவரிசையில் நடக்கும், வேகம் ஏறக்குறைய பாதியாகும். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரும் அப்படியே. எங்கள் வீட்டில் கட்டும்போதே சுவருக்குள் போட்ட ஒரு லேன் கேபிள் மாடிக்குப் போகிறது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்தது. வயர் இருக்கும்போது மெஷ் எதற்கு? பழைய ரூட்டரையே மாடியில் ஆக்சஸ் பாயிண்ட்டாக, அதாவது வயரில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டியாக மட்டும் வைத்தேன். அதன் ஐபி முகவரியைப் புது ரூட்டரின் வரிசையில் வேறொன்றாக மாற்றி, சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வேன் போர்ட்டில் சொருகாமல் லேன் போர்ட்டில் சொருகினால் வேலை முடிந்தது. மாடியில் -83 இருந்த இடத்தில் -47. வேகம் அதே 94, ஆனால் மாடியில் நடக்கும் வேலைக்கு அது போதும். 2017-இல் தெரியவந்த கிராக் என்ற வைஃபை ஓட்டைக்கான திருத்தம் அதன் கடைசி ஃபர்ம்வேரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தேன், இருந்தது.

அந்தச் சுவர்க் கேபிளில் ஒரு பழுது இருந்தது. பழைய ரூட்டருக்குப் பதில் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தபோது, கிகாபிட் போர்ட் இரண்டு முனையிலும் இருந்தும் இணைப்பு 100 என்றே வந்தது. கேபிளுக்குள் நான்கு ஜோடி கம்பி. 100-க்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். டெஸ்டரைப் போட்டதும் 7, 8 விளக்குகள் எரியவில்லை, அதாவது பழுப்பு ஜோடி. மேல் முனையை வெட்டி, புது ஆர்ஜே45 பிளக் போட்டு க்ரிம்ப் செய்ததும் (கருவியால் அழுத்திப் பொருத்தியதும்) எட்டும் எரிந்தன, இணைப்பு 1000 ஆனது. இப்போதைக்கு அது தேவையில்லை, ஆனால் மாடிப் பெட்டியை மாற்றும் நாளில் தேவைப்படும்.

புது ரூட்டரை ஃபைபர் மூலையில் வைக்கவில்லை. கேட்6 கேபிள் ஒன்றைச் சுவரோரமாக ஓட்டி, வீட்டின் நடுவில் இருக்கும் நடைபாதைச் சுவரில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டினேன். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்க வேண்டும், செம்பு பூசிய அலுமினியம் விற்கிறார்கள், அது க்ரிம்ப்பில் எளிதில் முறியும். ஆன்டெனாக்களை நேராக நிற்க வைத்தேன். குச்சி ஆன்டெனாவின் அலை அதன் பக்கவாட்டில்தான் பரவும், நுனி காட்டும் திசையில் போகாது. ஆளைக் குறிவைத்துச் சாய்த்தால் உள்ளதும் குறையும்.

ஃபைபர் பெட்டியைச் சேவை நிறுவனத்திடம் சொல்லி பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறைக்கு) மாற்றினேன், இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஈ பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு வாங்கிப் புது ரூட்டரில் போட்டேன். இல்லாவிட்டால் இரண்டு பெட்டியும் முகவரி மாற்றும் வேலையைச் செய்யும், சில கேம்களும் அலுவலக விபிஎன்னும் அதில் தகராறு செய்யும். ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையையும் அணைத்தேன், அது சும்மா ஒரு சேனலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

2.4-இல் ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல் 1, 6, 11 மட்டுமே. அக்கம்பக்கத்து ரூட்டர்கள் 6-இலும் 11-இலும் குவிந்திருந்தன, நான் 1-ஐ எடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்தேன். மாடிப் பெட்டிக்கு 11. 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149, இரண்டும் 80 மெகாஹெர்ட்ஸ். 100-ஐச் சுற்றியுள்ள சேனல்கள் காலியாக இருந்தன, ஆனால் அவை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரூட்டர் அங்கே பேசத் தொடங்கும் முன் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்க வேண்டும், ரேடார் போல் ஏதாவது கேட்டால் உடனே விலக வேண்டும். வேலை நேரத்தில் அது நடந்தால் கால் அறுந்துபோகும், அதனால் வேண்டாம் என்று விட்டேன்.

இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபைப் பெயர், ஒரே பாஸ்வேர்டு. எதில் ஒட்டுவது என்பதை ஃபோன்தான் முடிவு செய்கிறது. மாடி ஏறின பிறகும் சில ஃபோன்கள் கீழ்ப் பெட்டியின் 2.4-ஐ விடாமல் பிடித்திருந்தன. கீழே 2.4-இன் சக்தியைக் குறைத்ததும் விட்டன. டபிள்யூபிஏ3 மட்டும் வைத்தபோது பிரின்டர் சேரவில்லை, டபிள்யூபிஏ2-உம் 3-உம் கலந்த முறையில் சேர்ந்தது. பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனோ பின் எண்ணோ கொண்டு சாதனத்தைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிட்டேன். அதன் 8 இலக்கப் பின்னை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் உடைந்துவிடும் என்று 2011-இலேயே தெரிந்துவிட்டது. பல்புகளுக்கு, மற்ற சாதனங்களிலிருந்து பிரிந்திருக்கும் தனி கெஸ்ட் நெட்வொர்க்.

அப்லோடு வரம்பை 45 என்று வைத்து எஸ்கியூஎம்மில் கேக்கை இயக்கினேன். படங்கள் ஏறும்போது வெளியே போகிற பிங் 20-ஐத் தாண்டவில்லை. ஹாலில் பேச்சு வெட்டுப்படுவது அதோடு நின்றது. வயரில் 190-க்கு மேல், ஹாலில் வைஃபையிலும் அதே அளவு. பின்பக்க அறையில் -62, வேகம் 170 வரை. பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினால் இன்னும் ஏறும் என்று நினைக்கிறேன், அதற்கு வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும். டிவிக்கும் ஒரு வயர் ஓட்டிவிட்டால், நகராத ஒரு சாதனம் காற்றில் இடம் பிடிப்பது குறையும். அதற்கான கேபிள் மீதி இருக்கிறது, அடுத்த விடுமுறையில் ஓட்ட வேண்டும்.